பந்தயத்தில் "இது ஆபத்து" என்று யார் சொன்னால் எடுபடும்?

தம்பி, நீங்கள் கேட்டது மேலுக்கு ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு இருக்கிறது. 2005இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த ஃபார்முலா 1 (எஃப்1) கார் பந்தயத்தின் வீடியோவைப் பார்த்திருக்கிறீர்கள். 20 கார் வந்து, 14 கார் பந்தயம் தொடங்கும் முன்பே உள்ளே போய்விட, மிச்சம் 6 கார் மட்டும் ஓடியது. ஒரே ஒரு வளைவுக்கு முன்னால் சிக்கேன் (காரை இப்படி அப்படித் திருப்ப வைக்கும் நெளிவு) வைத்து வேகத்தைக் குறைத்திருந்தால் எல்லாரும் ஓடியிருப்பார்களே, கார் பந்தயங்களை ஆளும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ மறுத்தது வீம்புதானே என்கிறீர்கள். இது முதல் கேள்வி. கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: கோவையில் நடந்த மாணவர் கார் போட்டியில் உங்கள் கல்லூரி அணியின் காரை பிரேக் சோதனையோடு நிறுத்திவிட்டார்கள், "ஓட்டுகிற பையனே சரி என்கிறான், உங்களுக்கு என்ன சார்" என்று கேட்டும் விடவில்லை. ஆக, நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான்: காரைச் செய்தவரும் ஓட்டுகிறவரும் ஒன்று சொல்ல, போட்டியை நடத்துகிற அமைப்பு வேறு சொன்னால், பாதுகாப்பில் கடைசி வார்த்தை யாருக்கு, ஏன்?

நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு டயர் கம்பெனியின் தொழில்நுட்பப் பிரிவில் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கமே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வெடித்த டயரைத் தூக்கிக்கொண்டு வந்து "டயர் சரியில்லை, கிளெய்ம் கொடுங்க" என்கிற லாரி முதலாளிக்கும், "ஓவர்லோடு ஏற்றியிருக்கிறார்கள்" என்று கைவிரிக்கப் பார்க்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று, டயரைப் பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. அது போக, இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் பல சீசன்கள் ஸ்க்ரூட்டினி (ஓடும் முன் காரைப் பரிசோதிக்கும்) குழுவில் தன்னார்வலராக நின்றிருக்கிறேன். எஃப்1 டயரைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு வந்ததில்லை. அதனால் அந்த டயரைப் பற்றி நான் சொல்வது, வெளியில் பதிவானதையும் ரப்பரும் நாரும் சூட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்ற அனுபவத்தையும் வைத்துத்தான்.

முதலில் சந்தேகம் இல்லாத விஷயங்கள். 2005 ஜூன் 17 வெள்ளிக்கிழமை பயிற்சியில், 13ஆம் வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா சுவரில் மோதியது. இடது பின் டயர் போய்விட்டது. அந்த வளைவு இண்டி 500 என்ற அமெரிக்கப் பந்தயம் ஓடும் ஓவல் (நீள்வட்ட) தடத்தின் சாய்வான பகுதி. சுமார் 9 டிகிரி சாய்வு, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி 300 கிலோமீட்டர் வேகத்தில் எடுப்பார்கள். அந்த வருஷ விதிப்படி தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர்தான், சேதமானால் தவிர நடுவில் மாற்றக் கூடாது. 73 சுற்று, கிட்டத்தட்ட 306 கிலோமீட்டர் அந்த ஒரு செட் தாங்க வேண்டும். அந்த ஓடுதளத்தின் மேற்பரப்பையும் முந்தின வருஷத்துக்குப் பிறகு புதிதாகச் செய்திருந்தார்கள். 10 அணிகளில் 7 அணிக்கு மிஷலின் டயர், ஃபெராரி, ஜோர்டன், மினார்டி மூன்றுக்கும் பிரிட்ஜ்ஸ்டோன். பிரிட்ஜ்ஸ்டோனுக்குச் சொந்தமான ஃபயர்ஸ்டோன் இண்டி 500க்கே டயர் கொடுப்பதால் அந்தத் தடத்தின் குணம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மிஷலின் பிரான்சிலிருந்து வேறு டயர்களை வரவழைத்துப் பார்த்தது, அதிலும் நம்பிக்கை வரவில்லை. 13ஆம் வளைவில் வேகம் குறையாவிட்டால் இந்த டயரில் பந்தயம் ஓடுவது பாதுகாப்பில்லை என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டது.

அந்தக் கடிதத்தின் கனம் எனக்கு நன்றாகப் புரிகிறது. டயர் கம்பெனிக்காரன் "என் டயர் தாங்காது" என்று தன் கைப்பட எழுதிக் கொடுப்பது சாதாரணம் இல்லை. என் வேலைக்காலத்தில் கம்பெனிகள் எழுதியதெல்லாம் அதற்கு நேர்மாறானதுதான்.

டயருக்குள் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் மற்றது விளங்கும். கத்திரி வெயிலில் கயத்தாறு தாண்டி நாங்குநேரி வரைக்கும் நாலுவழிச் சாலை கொதிக்கும். எம்-சாண்ட் ஏற்றின டிப்பர் ஒன்று, இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயர் காற்று இறங்கினது தெரியாமல் ஓடி வரும். வெளியே பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருக்கும். கழற்றி, விளக்குக்குக் கீழே வைத்து உள்பக்கம் கையை விட்டுத் தடவினால், சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) ஓரமாகச் சுற்றிலும் சுருக்கம் சுருக்கமாக ஒரு வளையம் தட்டுப்படும். அந்த இடத்தில் ரப்பர் கருத்து, தொட்டால் பொடி உதிரும். கத்தியை வைத்துக் கீறினால் உள்ளே இருக்கும் நார் ரப்பரை விட்டுத் தனியாகப் பிரிந்து பிரஷ் மாதிரி நிற்கும். டயர் ஒவ்வொரு சுற்றும் தரையில் அழுந்தும்போது சைடுவால் மடங்கி நிமிர்கிறது. மடங்குவது அதிகமானால் சூடு, சூடு ஏறினால் ரப்பருக்கும் நாருக்கும் உள்ள ஒட்டு விடும், ஒட்டு விட்டால் இன்னும் மடங்கும். வெடிக்கிற வரைக்கும் ஓட்டுநருக்கு ஒன்றுமே தெரியாது. எஃப்1 காரின் சக்கரம் 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 40 தடவை சுற்றும். சாய்வான வளைவில் கார் தன் எடைக்கு மேலும் பல மடங்கு பளுவோடு தடத்தில் அழுந்தும். வலப்பக்கம் திரும்பும் வளைவு என்பதால் அந்தப் பளு பெரும்பாலும் இடப்பக்க டயர்களில் விழும். இடது பின் டயர் போனதில் எந்த மர்மமும் இல்லை. அந்தச் சைடுவாலை முக்கியமாக மிஞ்சியது எது, சாய்வின் பளுவா, புது மேற்பரப்பின் பிடிப்பா, அணிகள் வைத்த காற்றழுத்தமா என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு சொன்னார்கள். மூன்றும் சேர்ந்துதான் இருக்கும் என்பது என் ஊகம், அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, சிக்கேன் ஏன் வைக்கவில்லை? பந்தய இயக்குநர் சார்லி வைட்டிங்கும் எஃப்ஐஏ தலைவர் மேக்ஸ் மோஸ்லியும் சொன்ன காரணத்தை நியாயமாகவே வைத்துப் பார்ப்போம். சரியான டயர் கொண்டுவந்த மூன்று அணி அங்கே இருந்தது. கொண்டுவராதவர்களுக்காகத் தடத்தையே மாற்றினால் சரியாகக் கொண்டுவந்தவர்களைத் தண்டித்தது மாதிரி ஆகிவிடும். இரண்டாவது, யாரும் ஒரு சுற்றுகூட ஓட்டிப் பார்க்காத சிக்கேனை ராத்திரியோடு ராத்திரியாக வைத்து, அதில் ஒருவர் செத்தால் பொறுப்பு யார் தலையில் விழும்? அவர்கள் கொடுத்த மாற்று வழிகள்: மிஷலின் கார்கள் மட்டும் அந்த வளைவில் வேகத்தைக் குறைத்து ஓட்டலாம், ஒவ்வொரு சுற்றும் பிட் லேன் (டயர் மாற்ற ஒதுங்கும் பக்கப் பாதை) வழியாகப் போகலாம், தேவைப்படும்போது டயர் மாற்றலாம். அணிகள் இதை ஏற்கவில்லை. ஃபெராரி தவிர மற்ற ஒன்பது அணிகளும் சிக்கேனுக்குச் சம்மதித்தன. சிக்கேன் வைத்தால் தங்கள் அதிகாரிகள் விலகிக்கொள்வார்கள் என்று எஃப்ஐஏ சொல்லிவிட்டது.

இதில் என் அபிப்பிராயம் இது. தடத்தை மாற்ற முடியாது என்ற எஃப்ஐஏ முடிவு விதிப்படி நிற்கும். ஆனால் அவர்கள் கொடுத்த மாற்று வழிகள் பாதுகாப்பான வழிகள் அல்ல. ஒரே வளைவில் ஆறு கார் 300 கிலோமீட்டரிலும், பதினாலு கார் அதைவிட எவ்வளவோ குறைவான வேகத்திலும் போவது என்பது புதிதாக ஓர் ஆபத்தை உண்டாக்குவது. நம்ம நாலுவழிச் சாலையில் இரவில் மெதுவாகப் போகும் டிராக்டரில் வேகமாக வரும் பஸ் போய் இடிப்பதை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம். அப்புறம், "அவசரத்தில் சிக்கேன் வைக்கவே முடியாது" என்ற வாதமும் முழுக்க நிற்காது. 1994இல் பார்சிலோனாவில் ஓட்டுநர்கள் கேட்டுக்கொண்டதால் பந்தய வாரத்திலேயே டயர்களை அடுக்கி ஒரு தற்காலிக சிக்கேன் வைத்தார்கள், எல்லாரும் அதில் ஓடினார்கள். அங்கே வைக்க முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்றால், அங்கே எல்லாருக்கும் ஒரே மாதிரி நஷ்டம். இங்கே சிக்கேன் வந்தால் ஒரு தரப்புக்கு லாபம், மறு தரப்புக்கு நஷ்டம்.

நான் சொல்ல வருவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. இண்டியானாபொலிஸில் ஆபத்து இருக்கிறதா இல்லையா என்பதில் சண்டையே கிடையாது. மிஷலின், பிரிட்ஜ்ஸ்டோன், எஃப்ஐஏ எல்லாருக்கும் ஆபத்து இருப்பது தெரியும். அந்த ஆபத்தை நீக்குவதற்கு யார் விலை கொடுப்பது என்பதில்தான் சண்டை. பாதுகாப்புத் தகராறு என்று பேர் போட்டு வரும் பெரும்பாலான தகராறுகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இதுதான் இருக்கும். அதனால் ஒரு அணி "இது ஆபத்து" என்று சொல்லும்போது நான் முதலில் பார்ப்பது, அதைச் சரிசெய்தால் நஷ்டம் சொன்னவருக்கா, அவர் எதிரிக்கா என்பதை. தனக்கே நஷ்டம் வரும் என்று தெரிந்தும் ஒருவர் ஆபத்து என்றால் அதை அப்படியே நம்பலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை 14 கார்கள் ஒரு புள்ளிகூட இல்லாமல் திரும்பிப் போயின. மிஷலின் ரசிகர்களுக்கு டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு, அடுத்த வருஷப் பந்தயத்துக்கு 20,000 டிக்கெட் வாங்கித் தருவதாகவும் ஒப்புக்கொண்டது. பொய்யாகப் பயம் காட்டுகிறவர் அவ்வளவு விலை கொடுக்க மாட்டார்.

எஃப்ஐஏவின் உலக மோட்டார் விளையாட்டுக் குழு அந்த ஜூன் 29 அன்று ஏழு அணிகளையும் ஐந்து குற்றச்சாட்டில் இரண்டில் குற்றவாளிகள் என்றது. ஜூலை 22 அன்று அதையும் ரத்து செய்தது. ஆபத்து என்று தெரிந்தே காரை ஓடவிட்டால் இண்டியானா மாகாணச் சட்டத்தில் அணிகள் மாட்டியிருக்கும் என்ற ஆதாரம் அதற்குள் வந்திருந்தது. நம்மவர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் காரில் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தது இந்தப் பந்தயத்தில்தான். எஃப்1இல் அவர் எடுத்த புள்ளிகள் அவ்வளவுதான். அதைச் சிலர் குறைவாகப் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டயர் சரியாக இருந்தவர் ஓடினார், முடித்தார்.

இதே மாதிரி ஒரு டயர் பிரச்சினை 2023 அக்டோபரில் கத்தாரில் வந்தது, அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை ஓடின டயர்களை டயர் கம்பெனியான பிரெல்லி பிரித்துப் பார்த்தபோது சைடுவாலில் ரப்பருக்கும் நாருக்கும் நடுவே பிரிவு தொடங்கியிருந்தது. நான் மேலே சொன்ன அதே ரகப் பிரிவுதான், ஆனால் இங்கே காரணம் தடத்தின் ஓரத்தில் இருந்த கூம்பு போன்ற கெர்புகளில் வேகமாகத் திரும்பத் திரும்ப ஏறி இறங்கியது. எஃப்ஐஏ தடத்தின் எல்லையைக் கொஞ்சம் உள்ளே தள்ளியது, ஒரு செட் டயரில் 18 சுற்றுக்கு மேல் யாரும் ஓடக் கூடாது என்று உத்தரவு போட்டது. பந்தயம் 57 சுற்று, ஆகவே எல்லாரும் குறைந்தது மூன்று தடவை டயர் மாற்றியாக வேண்டும். முணுமுணுப்பு இருந்தது, ஆனால் பந்தயம் ஓடியது. 2005இல் இருந்ததைவிட இவர்கள் நல்லவர்கள் என்பதில்லை. 2023இல் எல்லாருக்கும் ஒரே கம்பெனி டயர், உத்தரவின் சுமை எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுந்தது.

இதுவரை சொன்னதில் அமைப்பு, அணி இரண்டு பக்கமும் ஏதோ ஒரு நியாயம் இருந்தது. அமைப்பின் பக்கம் நியாயமே இல்லாத கதை ஒன்றும் உண்டு, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1975 ஏப்ரல், ஸ்பெயினில் பார்சிலோனா நகரத்தின் மோன்ட்யுயிக் மலைப் பூங்காவைச் சுற்றிப் போகும் சாலையில் பந்தயம். ஓட்டுநர்கள் தடத்தைச் சுற்றிப் பார்த்தபோது, ஓரத்து இரும்புத் தடுப்புகளில் பல இடத்தில் போல்ட் முறுக்கவே இல்லை, சில இடத்தில் போல்ட்டே இல்லை. ஓட்டமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அணிகளின் மெக்கானிக்குகள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தடுப்புகளைத் தாங்களே முறுக்கினார்கள். ஓடாவிட்டால் கார்களைப் பறிமுதல் செய்வோம் என்று நடத்துகிறவர்கள் மிரட்டினார்கள். கடைசியில் பெரும்பாலோர் ஓடினார்கள். அப்போதைய உலக சாம்பியன் எமர்சன் ஃபிட்டிபால்டி தகுதிச் சுற்றில் கட்டாயத்துக்கு மெதுவாகச் சில சுற்று ஓட்டிவிட்டு, பந்தயத்தில் இறங்க மறுத்து ஊருக்குப் போய்விட்டார். பந்தயத்தில் ரோல்ஃப் ஸ்டொமலனின் காரின் பின் இறக்கை உடைந்து, கார் தடுப்பைத் தாண்டிப் பறந்தது. அந்தப் பக்கம் நின்றவர்கள் பலர் இறந்தார்கள். 29 சுற்றோடு பந்தயத்தை நிறுத்தி, பாதிப் புள்ளி கொடுத்தார்கள்.

இதிலும் ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஓட்டுநர்கள் பயந்தது போல்ட் முறுக்காத தடுப்பைப் பற்றி. உயிர்களைப் பறித்தது ஓர் அணியின் காரில் உடைந்த இறக்கை. ஆகவே "ஓட்டுநர்கள் சொன்னது அப்படியே பலித்தது" என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள். ஆனாலும் அன்றைக்கு நடத்துகிறவர்கள் பக்கம் ஒரு துளி நியாயமும் கிடையாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். போல்ட் முறுக்குவது அவர்கள் வேலை. அதைச் செய்யாதவர்கள், செய்யச் சொன்னவர்களை மிரட்டினார்கள்.

மறுபுறமும் இருக்கிறது. அணிகள் எதிர்த்து, அமைப்பு விடாப்பிடியாக நின்று, கடைசியில் அமைப்பு சொன்னதே சரியானது ஹேலோ விஷயத்தில். ஓட்டுநரின் தலைக்கு மேலே வளையமாக வரும் டைட்டானியச் சட்டம், ஏழு கிலோ சொச்சம் எடை, 12 டன் அளவு பளுவைத் தாங்கும். 2018 முதல் எஃப்1இல் கட்டாயம். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எடை, திறந்த காரின் அழகே போய்விட்டது என்று அணிகளில் பெரும்பாலானவர்கள் எதிர்த்தார்கள். சாவின் வாசல் வரை போய்த் திரும்பிய முன்னாள் சாம்பியன் நிக்கி லாடாவே எதிர்த்தார். 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரொமான் குரோஷானின் கார் இரும்புத் தடுப்பைப் பிளந்துகொண்டு உள்ளே போய்த் தீப்பிடித்தது. ஏறக்குறைய 28 விநாடி தீக்குள் இருந்து அவர் தானாக வெளியே வந்தார். தடுப்பின் இரும்பு அவர் தலைக்கு வராமல் விலக்கியது அந்தச் சட்டம்தான். குரோஷான் முன்பு ஹேலோ வேண்டாம் என்றவர், ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஓட்டுகிறவன் சரி என்கிறானே என்ற உங்கள் வாதத்துக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. ஓட்டுகிறவருக்குத் தன் காரைத் தெரியும். ஆனால் பத்து வருஷத்தில் இருபது கார் ஓடும் எல்லாப் பந்தயத்தையும் சேர்த்து எங்கே சாவு வருகிறது என்று பார்க்கும் இடத்தில் அவர் உட்காரவில்லை.

அதே சமயம், அமைப்பு அவசரப்பட்டால் அதுவும் ஆபத்துதான். 1994 மே 1 அன்று இமோலா பந்தயத்தில் ஓட்டுநர் சென்னா இறந்த பிறகு (முந்தின நாள் இன்னொரு ஓட்டுநர் ராட்சன்பர்கரும் அங்கேயே இறந்திருந்தார்) எஃப்ஐஏ சில வாரங்களுக்குள்ளேயே காரின் அமைப்பைத் திடீரென்று மாற்றச் சொன்னது. சோதித்துப் பார்க்க நேரம் இல்லாமல் காரை வெட்டினால் உடையும் என்று அணிகள் சொன்னார்கள். பார்சிலோனாவில் வெள்ளிக்கிழமை பயிற்சியில் சில அணிகள் வெளியே வரவே இல்லை. அந்த வாரம்தான் சில்வர்ஸ்டோன் சோதனை ஓட்டத்தில் பெட்ரோ லாமியின் காரில் பின் இறக்கை கழன்று, அவருக்குக் காலெலும்புகள் உடைந்திருந்தன. நோக்கம் நல்லது, வேகம் தவறு. அதில் அணிகள் பேசியதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

2013இல் வேறு மாதிரி. டயரின் உள் அமைப்பைச் சீசன் நடுவில் மாற்ற எல்லா அணியும் சம்மதிக்க வேண்டும், பாதுகாப்புக் காரணம் இருந்தால் மட்டும் எஃப்ஐஏ தானே மாற்றலாம். அப்போதிருந்த டயர் தங்கள் காருக்குப் பொருந்தியதால் சில அணிகள் சம்மதிக்கவில்லை. ஜூன் 30 அன்று சில்வர்ஸ்டோனில் வரிசையாக டயர்கள் கிழிந்தன. பிரெல்லி, இடது வலது மாற்றி மாட்டினார்கள், காற்றுக் குறைவாக வைத்தார்கள் என்றது. அதைப் படித்தபோது என் அலுவலக மேசையில் குவிந்திருந்த கிளெய்ம் காகிதங்கள் ஞாபகம் வந்தன, அதே வரிகள். அடுத்த பந்தயத்திலும் இப்படி நடந்தால் ஓட மாட்டோம் என்று ஓட்டுநர் சங்கம் சொன்னது. ஒரே வாரத்தில் உள்ளே எஃகு பெல்ட்டுக்குப் பதில் கெவ்லார் (பலமான செயற்கை நார்) பெல்ட் போட்ட டயர் வந்தது. முந்தின மாதம் முடியாது என்றது ஒரு வாரத்தில் முடிந்தது.

2022இல் கார்கள் நேர்ச்சாலையில் குதித்துக்கொண்டே போன விஷயத்தில் மட்டும் நான் யார் பக்கமும் உறுதியாக நிற்க மாட்டேன். பாகு பந்தயத்தில் ஓட்டுநர் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கியதை எல்லாரும் பார்த்தோம், வலி பொய் இல்லை. அதே நேரம், காரைக் கொஞ்சம் உயர்த்தி ஓட்டினால் குதிப்பது குறையும், ஆனால் வேகமும் குறையும், அந்த நஷ்டத்தைத் தாங்காமல் விதியை மாற்றச் சொல்கிறார்கள் என்று எதிரணிகள் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. எஃப்ஐஏ குதிப்புக்கு ஓர் அளவு வைத்தது, அடுத்த வருஷம் காரின் அடித்தள ஓரத்தை 15 மில்லிமீட்டர் உயர்த்தச் சொன்னது. அளவு என்று ஒன்று எழுத்தில் வந்ததும் சத்தம் அடங்கியதைக் கவனியுங்கள்.

முன்கூட்டியே எழுதி வைத்த இடத்தில் தகராறே வருவதில்லை. 2020 அக்டோபரில் நியூர்பர்கிரிங்கில் மூடுபனியால் மருத்துவ ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை பயிற்சி இரண்டையும் ரத்து செய்தார்கள். எந்த அணியும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் ஹெலிகாப்டர் இல்லையென்றால் ஓட்டம் இல்லை என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும். நம்ம ஊர் ஆனித் தேரோட்டத்தில் சறுக்குக்கட்டை போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர் இருந்தாலும் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடும் அதிகாரம் அவருக்குத்தான், அந்த நேரத்தில் அவரோடு யாரும் வழக்காடுவதில்லை. 2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 நடந்தபோது, எஃப்ஐஏவின் தடச் சான்று வந்து சேரத் தாமதமாகி எல்லாரும் காத்திருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உயர் நீதிமன்றம்வரை போன விஷயம். அன்றைக்கு எரிச்சல்பட்டவர்கள் நிறைய. மோன்ட்யுயிக்கில் அப்படி ஒருவர் சான்று தராமல் பிடித்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அப்போது நினைத்தேன்.

இப்போது உங்கள் கார். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் லாக் ஆக (சுழலாமல் நிற்க) வேண்டும் என்பது சோதனை, உங்கள் காரில் பின் சக்கரங்கள் லாக் ஆகவில்லை. இது சோதனை செய்தவரின் அபிப்பிராயம் இல்லை, விதிப்புத்தகத்தில் நீங்கள் பதிவு செய்த நாளிலேயே இருந்த வரி. ஓட்டுகிற பையன் சரி என்றது அவன் உயிருக்கு மட்டும்தான் செல்லும். பிரேக் பிடிக்காத கார் போய் இடிப்பது இன்னொரு கல்லூரிப் பையனையோ, கொடி பிடித்து நிற்கும் தன்னார்வலரையோ. இருங்காட்டுக்கோட்டையில் காலாவதியான சீட் பெல்ட்டோடு வருகிறவர்களும் "போன ரேஸில் விட்டீங்களே சார்" என்பார்கள். விடமாட்டேன். அவர்கள் கோபம் எனக்குப் புரியும், மாதக்கணக்கில் தூக்கம் கெட்டுச் செய்த கார் அது. அங்கே நிறுத்தியவர் உங்களிடம் முகம் கொடுத்துக் காரணம் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை என்றால் அது அவர் குறை, ஆனால் தீர்ப்பு சரிதான்.

அடுத்த தடவைக்கு இதைச் செய்யுங்கள். முதலில் பின் பிரேக் லைனை முழுதாக பிளீட் செய்து உள்ளே காற்று இல்லை என்று உறுதி செய்யுங்கள். புது பேடு போட்டிருந்தால் சோதனைக்கு முன்னால் நன்றாக ஓட்டிப் பதிய விடுங்கள், பதியாத பேடு பாதி பிடிக்கும். முன் லைனிலும் பின் லைனிலும் ஒவ்வொரு பிரஷர் கேஜ் மாட்டி, ஒரே மிதிக்கு இரண்டிலும் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். பின்னால் குறைவாக இருந்தால் பேலன்ஸ் பாரை (மிதிக்கும் விசையை முன் பின் பிரேக்குக்குப் பங்கிடும் தண்டு) பின் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் நகர்த்துங்கள். பார் கடைசி வரை போயும் போதவில்லை என்றால் பின்னுக்கு இன்னும் சின்ன விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டர் போட வேண்டும், அதே மிதிக்கு அழுத்தம் கூடும், பெடல் மட்டும் கொஞ்சம் ஆழமாகப் போகும். முன்னும் பின்னும் லாக் ஆன அளவுகளை ஒரு தாளில் எழுதி ஸ்க்ரூட்டினி மேசையில் கொடுங்கள். இன்னொன்று, பின் டயரில் எவ்வளவு காற்று வைத்திருந்தீர்கள், சோதனை நடந்தபோது டயர் சூடாக இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.